மாற்றார் சொல்லுக்கு மரியாதை

நம்பாதாருக்கு நற்செய்தியை அறிவிப்பது தன் கடமை என்று கருதிய கிறிஸ்தவருக்கு, ஒரு தலைமுறைக்கு முன்வரை, சந்தைக்கும் தெருமுனைக்கும் ரயில் நிலையத்துக்கும் கைப்பிரதிக் கட்டுடன் நடந்துசெல்லும் சிரமம் இருந்தது. அவர் நீட்டிய தாளை வாங்க மறுத்தவரின் முகத்தையும், வாங்கிப் புன்னகைத்தவரின் முகத்தையும் அவர் கண்ணெதிரே கண்டார். இன்று அந்த ஊழியத்தின் பெரும் பகுதி கைபேசிக்குள் வந்துவிட்டது. யூடியூப் காணொளிகளின் கீழும், பேஸ்புக் பதிவுகளின் கீழும், பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும், கடவுள் இருக்கிறாரா, வேதாகமம் நம்பத்தக்கதா, துன்பத்தை அனுமதிக்கும் தெய்வம் அன்புள்ளதாக இருக்க முடியுமா என்ற கேள்விகள் இரவு பகலாக எழுப்பப்படுகின்றன. விசுவாசிகளும் அவிசுவாசிகளும் ஒருவரையொருவர் நேரில் காணாமலே அவற்றுக்கு விடை எழுதுகிறார்கள். இதைக் குறை சொல்ல நான் முற்படவில்லை. தான் பெற்ற பேறு பிறருக்கும் கிட்ட வேண்டும் என்று விரும்புவது மனித இயல்பில் மேலானதொரு குணம். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து அந்த விசுவாசத்திலேயே நிற்பவன் என்ற முறையில், அந்த விருப்பத்தை நானும் அறிவேன்.

ஆயினும் இந்தச் சம்பாஷணைகளைத் தொடர்ந்து படித்து வருகையில் மனத்தை வருத்தும் விஷயம் ஒன்று உண்டு. நாத்திகரின் வாயை அடைத்துவிட்டதாகத் தலைப்பிட்ட காணொளிகளும், எதிர்த்தரப்பாரின் வாக்கியமொன்றை முன்னும் பின்னும் நறுக்கி எடுத்து நகைப்புக்கு உள்ளாக்கும் ஸ்கிரீன்ஷாட்டுகளும், கேட்ட கேள்வியைப் படித்து முடிக்குமுன்பே தயார்நிலையில் இருந்து ஒட்டப்படும் வசனக் கோவைகளும் பெருகிவிட்டன. எதிராளியும் இவற்றையெல்லாம் செய்கிறார் என்பது மெய்யே. ஆனால் அன்பின் செய்தியைச் சொல்ல வந்தவருக்கு அது சமாதானம் ஆகாது. மாற்றுக் கருத்துடையவரின் சொல்லை அவர் சொன்னபடியே முழுதாக எடுத்துக் காட்டும் நேர்மை இல்லாத இடத்தில், எத்துணை வன்மையான வாதமும் சாட்சி என்ற பெயருக்கு உரியதாகாது என்பதே என் அபிப்பிராயம். இது நவீன நாகரிகம் கற்பித்த உபசாரம் அன்று. திருச்சபையின் மிகப் பழைய மரபே இதுதான்.

இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்சுஸ் என்ற கிரேக்க அறிஞர் கிறிஸ்தவர்களைக் கண்டித்து நூலொன்று இயற்றினார். இயேசுவின் பிறப்பையும், அவரைப் பின்பற்றியோரின் கல்வியின்மையையும், உயிர்த்தெழுதலைப் பற்றிய சாட்சியங்களையும் அவர் தாக்கியவிதம் இன்றைய இணைய நாத்திகர் எவருடைய தாக்குதலுக்கும் குறைந்ததன்று. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர், நண்பர் அம்புரோசியஸ் வேண்டிக்கொண்டதற்கு இணங்க, கிறிஸ்தவ இறையியலார் ஓரிகன் அதற்கு எட்டுப் பாகங்களில் மறுப்பு எழுதினார். செல்சுஸின் மூலநூல் அழிந்துவிட்டது. எனினும் அதன் பெரும் பகுதியை நாம் இன்று படிக்க முடிகிறதென்றால், அதற்குக் காரணம் ஓரிகன் தம் எதிராளியின் கூற்றுகளைப் பத்தி பத்தியாக எடுத்து வைத்து, அதன் பிறகே தம் விடையைக் கூறிச் சென்றதுதான். கிறிஸ்தவத்தின் கடும் பகைவர் ஒருவரின் குரலைப் பதினெட்டு நூற்றாண்டுகளாகக் காத்துத் தந்தது ஒரு கிறிஸ்தவரின் நூல்! தம் விசுவாசத்தில் உறுதியுள்ளவருக்கு மாற்றாரின் வாதத்தை மறைக்க வேண்டிய அவசியம் எழுவதில்லை.

இதே மரபின் மற்றோர் எடுத்துக்காட்டு நம் சோழமண்டலக் கரையிலேயே இருக்கிறது. 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்கால் அனுப்பப்பட்ட லுத்தரன் பாதிரியார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்துநான்கு. தமிழர் நாகரிகமற்ற அஞ்ஞானிகள் என்ற எண்ணத்துடன் வந்த அந்த இளைஞர், தொடக்க காலத்தில் ஓர் ஊர்க் கோயிலில் நின்ற உருவங்கள் சிலவற்றைத் தள்ளியும் தலைகளை உடைத்தும் அவற்றுக்குச் சக்தியில்லை என்று நிரூபிக்க முயன்றதை அவரே எழுதியிருக்கிறார். அவ்வேளையில் அங்கிருந்த ஒருவர் சினந்து கைகலப்புக்கு வரவில்லை. அவ்வுருவங்கள் தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் படைவீரர்கள் மாத்திரமே என்று அவருக்கு விளக்கினார். உடைத்தவர் தாம் உடைத்தது இன்னதென்றே அறியாதிருந்தார். இன்றைய இணைய விவாதங்களில் பிறர் சமயத்தை ஒரே பதிவில் தகர்த்துவிடப் புறப்படும் அன்பர்கள் இந்நிகழ்ச்சியைச் சற்று நேரம் சிந்திப்பார்களாக.

சீகன்பால்க் சிந்தித்தார் என்றே அவருடைய பிற்கால வாழ்க்கை காட்டுகிறது. மணலில் எழுதிப் பழகும் சிறுவரோடு அமர்ந்து தமிழ் எழுத்துகளைக் கற்றார்; ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்தார்; 1708ஆம் ஆண்டிலேயே தாம் சேர்த்த தமிழ் நூல்களுக்கு விரிவான அட்டவணையொன்றைத் தயாரித்தார். அந்த நூல்களிலும் மக்களுடைய வாழ்விலும் தாம் கண்ட ஒழுக்கமும் அறிவும் தம் முந்தைய எண்ணத்தைப் பொய்யாக்கியதை ஐரோப்பாவிலிருந்த தம் நண்பர்களுக்கு அவர் மறைக்கவில்லை. பின்னர் அவரும் அவருடைய தோழர் கிரண்ட்லரும் செய்த காரியந்தான் நம் விஷயத்துக்கு மிக நெருங்கியது. தமிழரில் கற்றோருக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்களுடைய கடவுட்கொள்கை, கல்வி, மருத்துவம், சோதிடம், திருமணம், மறுமை பற்றிய கருத்து ஆகியவற்றை அவர்களுடைய வாய்ச்சொல்லாகவே விளக்கும்படி வேண்டினார்கள். 1712 முதல் 1714 வரை வந்து சேர்ந்த அவ்விடைகளில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு, ஜெர்மனியின் ஹாலே நகரில் 1714லும் 1717லும் அச்சேறின. தமிழ் மூலங்கள் நமக்குக் கிடைக்கவில்லை, மொழிபெயர்ப்பே எஞ்சியிருக்கிறது.

அக்கடிதங்களில் பாதிரியார்களுக்கு இனிப்பானவை மட்டுமா இருந்தன? உலகைப் படைத்த பரம்பொருள் ஒன்றே என்பதை நாங்களும் அறிவோம் என்று சிலர் எழுதினார்கள். உங்கள் வேதம் நல்லதாக இருக்கலாம், ஆனால் உங்களவரின் நடத்தை அதற்குச் சாட்சி பகரவில்லையே என்று கூறி, துறைமுகத்து ஐரோப்பியரின் குடியையும் பசுக்கொலையையும் தூய்மையின்மையையும் சிலர் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். இந்தக் கண்டனங்களை நீக்கிவிட்டுப் பாராட்டுகளை மாத்திரம் அச்சிட்டிருந்தால், தம் பணிக்குக் காணிக்கை அனுப்பிய ஐரோப்பிய விசுவாசிகளிடையே பாதிரியார்களின் மதிப்பு உயர்ந்திருக்கும். அப்படிச் செய்யாமல், தம் இனத்தாரைப் பற்றிய குற்றச்சாட்டுகளைத் தம் இனத்தாரே படிக்கும்படி அவர்கள் அனுப்பி வைத்தது பெருஞ்செயல் என்பேன். அந்நேர்மைக்குச் சொந்தச் சபையில் எப்போதும் வரவேற்பு இருந்ததாகவும் எண்ணிவிடக் கூடாது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்க் 1713ல் எழுதி முடித்த விரிவான நூலை, அஞ்ஞானத்தை ஒழிப்பதற்கே உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்ற கருத்துப்பட மிஷன் பணியை ஆதரித்த ஹாலே நிறுவனங்களின் தலைவர் பிராங்கே நிராகரித்துவிட்டார். சென்னையில் அது அச்சேறியது 1867ல்.

இவ்வளவு கேட்டறிந்த சீகன்பால்க் தம் விசுவாசத்தைக் கைவிட்டாரா என்றால், இல்லை. புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து 1715க்குள் அச்சிட்டு முடித்தார். சிலை வழிபாட்டைப் பற்றிய தம் மாறுபாட்டைக் கடைசிவரை கூறினார். பிறரை முழுதாகக் கேட்டால் சத்தியத்தின் கூர்மை மழுங்கிவிடும் என்று இன்று அஞ்சுகிறவர்களுக்கு இதுவே விடை. ஏதென்ஸ் நகரில் பவுல் அப்போஸ்தலரும் முதலில் ஊரைச் சுற்றிப் பார்த்தார். அறியப்படாத தெய்வத்துக்கென்று அவர்கள் எழுப்பியிருந்த பலிபீடத்திலிருந்தும், அவர்களுடைய கவிஞர்களின் சொற்களிலிருந்துமே பேச்சைத் தொடங்கினார். சிலர் பரிகசித்தார்கள், சிலர் பிறகு கேட்போம் என்றார்கள், வெகு சிலரே நம்பினார்கள். அத்தனை சிறிய பலனுடன் அவர் அமைதியாக அவ்விடம் விட்டுப் போனார்.

கேளாமல் வெல்லப் புகுந்ததன் விளைவுக்கும் அண்டையிலேயே சரித்திரம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சைவக் கிரியைகளை இழித்துரைத்து மிஷனரிகள் வெளியிட்ட பிரசுரங்களே, பீட்டர் பெர்சிவல் பாதிரியாருடன் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலரை, பள்ளியும் அச்சுக்கூடமும் பிரசங்கமும் கொண்டு எதிர்த்து நிற்கச் செய்தன. 1854ல் அவர் எழுதிய 'சைவதூஷண பரிகாரம்', வேதாகமத்தையே எடுத்துக்காட்டி மிஷனரிகளுக்கு விடை கூறியது. தென்னிலங்கையில் 1873ஆம் ஆண்டு ஆகஸ்டு 26, 28 தேதிகளில் பாணந்துறையில், ஆயிரக்கணக்கான மக்கள் முன்னிலையில், வெஸ்லியன் போதகர் டேவிட் டி சில்வாவும் பௌத்த பிக்கு மிகெட்டுவத்தே குணானந்தரும் வாதம் புரிந்தார்கள். கற்றறிந்தவரான டி சில்வா பாலி மொழி மேற்கோள்களை அடுக்கிப் பேசினார். கூட்டத்துக்கு அது விளங்கவில்லை. குணானந்தரின் பேச்சோ மக்களின் நெஞ்சில் தைத்தது. அந்த வாதத்தின் ஆங்கில அறிக்கையைப் படித்த பிரம்மஞான சபைத் தலைவர் ஆல்காட் 1880ல் இலங்கைக்கு வந்து பௌத்தப் பள்ளிகளைத் தோற்றுவிக்க உழைத்தது, பாணந்துறையில் கிறிஸ்தவத் தரப்பு எதிர்பாராத பலன். சைவரும் பௌத்தரும் தத்தம் சமயத்தைக் காத்துக்கொண்டது அவர்களுடைய உரிமை. நான் சுட்ட விரும்புவது, வெற்றியையே நாடி எறியப்பட்ட சொல் ஒருவரையும் அருகில் அழைத்து வரவில்லை என்பதை மாத்திரமே.

இணையத்தில் இந்த அபாயம் பன்மடங்கு பெரிது. அந்நாளில் தரங்கம்பாடித் திண்ணையில் சமயம் பற்றி வாதித்த எந்த இருவரும் மறுநாள் அதே தெருவில் சந்திக்க வேண்டியவர்கள். அந்தக் கட்டாயம் நாவை ஓரளவு அடக்கி வைத்தது. இன்றைய தளங்களோ, மக்கள் அதிகமாகக் கிளர்ந்தெழும் பதிவையே மேன்மேலும் பலருக்குக் கொண்டு சேர்க்கும் வண்ணம் அமைக்கப்பட்டிருக்கின்றன; சாந்தமான விடைக்கு வாசகர் இல்லை, வசைக்கு லைக் குவிகிறது. சொந்தச் சபையாரின் கைதட்டலே ஆத்தும ஆதாயமாகத் தோன்றத் தொடங்கிவிடுகிறது. இதற்கிடையில் ஒரு சொல்லும் எழுதாமல் இரு தரப்பையும் படித்துவரும் மௌன வாசகர் ஒருவர் இருக்கிறார் என்பதை எழுதுபவர் மறந்துவிடுகிறார். பேதுருவின் முதல் நிருபம், நம்பிக்கைக்குக் காரணம் கேட்போருக்கு விடை சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி பணிக்கும் அதே மூச்சில் சாந்தத்தையும் மரியாதையையும் விதிக்கிறது. முன்பாதியை மேற்கோள் காட்டுவோர் பலர். பின்பாதி பலருக்கு நினைவில் நிற்பதில்லை.

நம் எதிரில் இருக்கும் அவிசுவாசி யார் என்பதையும் எண்ண வேண்டும். தமிழ்நாட்டு நாத்திகம் நேற்று முளைத்ததன்று. சுயமரியாதை இயக்கத்தின் நீண்ட பிரசாரமும், பகத் சிங்கின் 'நான் ஏன் நாத்திகன்' கட்டுரையை 1930களிலேயே ஜீவானந்தம் தமிழாக்கித் தந்த துணிவும் அதன் பின்னணியில் இருக்கின்றன. சாதியால் அவமதிக்கப்பட்டோரின் அனுபவம் அதற்கு வேர். கல்லறையிலும் சாதிச் சுவர் எழுப்பிய சபைகள் இருந்த நாட்டில், உங்கள் தேவன் எல்லோருக்கும் பிதாவானால் இது எப்படி என்று ஒருவர் கேட்பாரானால், படைப்பின் நுட்பத்திலிருந்து கடவுளை நிறுவும் தர்க்கம் அதற்கு விடையாகாது. ஆம், அது பாவமே என்று ஒப்புக்கொள்வதே விடையின் முதல் சொல். மேலும், நான் படித்தவரையில், மிகக் கசப்பான கேள்விகளைக் கேட்போரில் பலர் ஞாயிறுப் பள்ளியில் வளர்ந்த பிள்ளைகள். தாயின் நோய்க்காக உபவாசித்து ஜெபித்தும் அவளை இழந்தவர்களும், சபைக்குள் நேர்ந்த அநியாயத்தைச் சொல்லி அமைதியாயிருக்கும்படி அறிவுறுத்தப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு வசனம் தெரியும். தங்களைக் கேட்க ஒருவர் கிடைக்கவில்லை என்பதே அவர்களுடைய குறை.

சமயத்தைப் பரப்பும் உரிமை நம் அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவில் இருக்கிறது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அச்சொல்லை ஆதரித்துப் பேசியவர்களில் டி.டி.கிருஷ்ணமாச்சாரி ஒருவர். தாம் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் பயின்றும், தம்மை மதம் மாற்ற எவரும் முயன்றதில்லை என்று அவர் சபையில் கூறினார். கிறிஸ்தவரல்லாத ஒருவர் கிறிஸ்தவருடைய உரிமைக்காக எழுந்து நின்றது, தம் மனச்சாட்சி அங்கே மதிக்கப்பட்டதை அவர் நினைவில் வைத்திருந்ததால் என்றே நான் கருதுகிறேன். ஆதலால், இரவில் தனிமையோடு எழுதுபவரின் துயரத்தை வாய்ப்பாக்கிக்கொள்வதும், வேண்டாம் என்றவரின் எண்ணுக்கு மீண்டும் மீண்டும் செய்தி அனுப்புவதும், ஒருவரின் சந்தேகத்தை அவர் அனுமதியின்றி ஜெபக்குழுவில் பகிர்வதும் அந்த உரிமையைச் சிதைக்கும் செயல்கள். அவற்றைச் சபைத் தலைவர்களே வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டும்.

செய்யத்தக்கது என்ன என்பதற்கும் முன்மாதிரி உண்டு. 1920களில் மிஷனரி ஸ்டான்லி ஜோன்ஸ் இந்திய நகரங்களில் வட்டமேசைக் கூட்டங்கள் நடத்தினார். பெரும்பாலும் பிற சமயத்தாரையும் ஐயவாதிகளையும் அழைத்து, ஒவ்வொருவரும் தம் சமயம் தம் வாழ்வில் என்ன செய்தது என்பதை மட்டும் கூறும்படியும், எவரும் எவரையும் மறுத்து வாதிடாதிருக்கும்படியும் வேண்டினார். தம் முறை வந்தபோது கிறிஸ்துவைப் பற்றித் தயங்காமல் சொன்னார். இணையத்திலும் அதற்கு இடமுண்டு. பெயரையும் முகத்தையும் மறைக்காமல் எழுதலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். பலர் முன்னிலையில் வாதம் சூடேறும்போது, விருப்பமானால் தனியே பேசுவோம் என்று அழைத்து, மறுத்தால் வணங்கி விலகலாம்.

எனவே விசுவாசிகளான என் சகோதர சகோதரிகளிடம் ஒன்று வேண்டுகிறேன். அடுத்த முறை நம்பாதார் ஒருவருக்கு விடை எழுத அமரும்போது, அவர் கூறியதை முதலில் உங்கள் சொற்களில் எழுதி, நான் புரிந்துகொண்டது சரிதானா என்று அவரையே கேளுங்கள். சரி என்று அவர் சொன்ன பிறகு உங்கள் விடையைத் தொடங்குங்கள்.