சென்னையா, தடாவா? முடிவு செய்யும் எல்லைக்கோடு

சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே செல்லும் ரயில் பாதையில் தமிழகத்தின் கடைசி நிலையம் ஆரம்பாக்கம். அதற்கு அடுத்த நிலையமான தடா, ஆந்திரத்தில் உள்ளது. சென்னையிலிருந்து தொலைவு சுமார் 70 கிலோமீட்டர்தான். ஆனால், குடும்பத்துடன் எங்கு குடியேறுவது என்று கணக்குப் போடும் தொழிலாளிக்கு, அவ்விரு நிலையங்களுக்கும் இடையே உள்ள மாநில எல்லை, வீட்டு வாடகையைவிடப் பெரிய பிரச்னையாகிவிடுகிறது.

தடாவை ஒட்டி, சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் 2008-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீசிட்டி தொழில் நகரமே இக்கேள்வியை எழுப்பியது. மத்திய அரசின் பங்கேற்புடன் இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகம் 2013-இல் அங்கு வந்தது. ஜப்பானின் இசுசு நிறுவனம் 2016-இல் வாகன ஆலையைத் திறந்தது. இங்கு பணிபுரிவோரில் ஒரு பகுதியினர் நாள்தோறும் சென்னையிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் வந்து திரும்புகின்றனர். தடாவிலோ சூளூர்பேட்டையிலோ குடியேறினால் பயண நேரம் மிச்சமாகும், வாடகையும் குறையும். பின் ஏன் தயக்கம்?

பெருநகரின் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் ஒரு காரணம். அதைவிட வலுவான காரணம், மாநில எல்லையோடு நின்றுவிடும் உரிமைகள்.

தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் பட்டியல்கள் அரசியல் சட்டத்தின் 341, 342-ஆவது பிரிவுகளின்படி மாநில வாரியாகவே அறிவிக்கப்படுகின்றன. ஒரு மாநிலப் பட்டியலில் இடம்பெற்றவர், வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கு அச்சலுகையைக் கோர முடியாது என 1990-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. தமிழக அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2020-இல் வந்தது. பெற்றோர் தடாவுக்குக் குடியேறி, பிள்ளை அங்குள்ள அரசுப் பள்ளியில் சேர்ந்தால், அந்த வாய்ப்பு பறிபோகும்.

எதிர்த்திசையிலும் இதே நிலைதான். சென்னைக்குக் குடிவரும் ஆந்திரக் குடும்பத்தின் பிள்ளை, 2006-ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டத்தை எதிர்கொள்ள வேண்டும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தைத் தமிழகம் 2021-இலும் ஆந்திரம் 2025-இலும் அறிமுகப்படுத்தின. ஆனால் ஒவ்வொன்றும் அந்தந்த மாநிலத்துக்குள்தான். இச்சட்டங்களும் திட்டங்களும் தனித்தனியே நியாயமானவையே. எல்லையின் ஒரு பக்கம் வசித்து, மறுபக்கம் உழைக்கும் குடும்பத்தைப் பற்றி எவையும் யோசிக்கவில்லை என்பதே குறை.

இந்த எல்லை எளிதில் வரையப்பட்டதல்ல. 1953-இல் ஆந்திர மாநிலம் உதயமானபோது எழுந்த தகராறு, படாஸ்கர் பரிந்துரையின் அடிப்படையில் 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி முடிவுக்கு வந்தது. திருத்தணி தமிழகத்தில் சேர்ந்தது. செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. கிராமங்களில் பேசப்படும் மொழியே அன்று பெரிதும் கணக்கில் கொள்ளப்பட்டது. சென்னை நகரம் ஒருநாள் அந்த எல்லைவரை வளரும் என்பது அன்றைய பேச்சில் இல்லை.

இன்று நகரம் வளர்ந்துவிட்டது, திட்டமிடல் வளரவில்லை. சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022-இல் விரிவாக்கப்பட்டது. அந்த வரைபடமும் தமிழக எல்லையோடு நிற்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில், நெல்லூர் மாவட்டத்தின் தடாவும் சித்தூர் மாவட்டத்தின் சத்தியவேடும் புதிய திருப்பதி மாவட்டத்தில் இணைந்தன. ஆனால் தடாவாசிக்கு மாவட்டத் தலைநகரான திருப்பதி, சென்னையைவிட அருகில் இல்லை. புறநகர் ரயில்களில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு திரும்பிவிடுகின்றன. சூளூர்பேட்டை வரை செல்பவை குறைவு.

இதே சிக்கலுக்குத் தலைநகர் தில்லி நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வழி கண்டது. அரசியல் சட்டத்தின் 252-ஆவது பிரிவின்படி, ஹரியாணா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் சட்டப்பேரவைகளின் ஒப்புதலைப் பெற்று, 1985-இல் தேசியத் தலைநகர்ப் பிராந்தியத் திட்டக் குழுவுக்கான சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. தில்லி மெட்ரோ ரயில் உத்தரப் பிரதேசத்தின் நொய்டாவுக்கும் ஹரியாணாவின் குர்கானுக்கும் செல்கிறது. அக்குழு எல்லாவற்றையும் சாதித்துவிடவில்லை. தில்லியின் காற்று மாசே அதற்குச் சாட்சி. ஆனால், ஒரு மாநிலமும் தனது எல்லையில் ஓர் அங்குலத்தைக்கூட அதனால் இழக்கவில்லை.

கூட்டுத் திட்டம் என்றதும் பழைய எல்லைத் தகராறு கிளறப்படுமோ என்ற அச்சம் இரு மாநிலங்களிலும் எழக்கூடும். அந்த அச்சத்துக்கு 1983-ஆம் ஆண்டின் தெலுங்கு கங்கை ஒப்பந்தமே பதில். சென்னையின் தாகம் தீர்க்க ஆண்டுக்கு 12 டிஎம்சி கிருஷ்ணா நீரை எல்லையில் வழங்க ஆந்திரம் உடன்பட்டது. ஒப்புக்கொண்ட அளவு எல்லா ஆண்டும் வந்து சேரவில்லை என்றாலும், கண்டலேறு - பூண்டி கால்வாய் எல்லை கடந்து பாய்கிறது. தண்ணீருக்குச் சாத்தியமானது தொழிலாளிக்கு ஏன் சாத்தியமாகக் கூடாது?

இதற்கான மேடையும் தயாராகவே உள்ளது. 1956-ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்புச் சட்டம் உருவாக்கிய மண்டலக் குழுக்களுக்கு, பொருளாதார, சமூகத் திட்டமிடல், மொழிச் சிறுபான்மையினர், மாநிலங்களுக்கு இடையேயான போக்குவரத்து ஆகியவற்றை விவாதிக்கும் அதிகாரம் உண்டு. தென்மண்டலக் குழு 2021 நவம்பரில் கூடியது, தடா இன்று அடங்கியுள்ள மாவட்டத்தின் தலைநகரான அதே திருப்பதியில்தான்.

சென்னை - தடா இடையே கூடுதல் புறநகர் ரயில்கள், இரு அரசுகளும் ஏற்கும் பேருந்துச் சலுகை, எல்லைப்புறப் பள்ளிகளில் இருமொழிக் கல்வி, எல்லை தாண்டிப் படித்த பிள்ளைகளுக்குச் சொந்த மாநில ஒதுக்கீட்டில் இடம் ஆகிய நான்கையாவது அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் தமிழகமும் ஆந்திரமும் சேர்க்க வேண்டும். சென்னையில் வாழ்வதா, தடாவில் வாழ்வதா என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்யட்டும். அவர்களுக்காக எல்லைக்கோடு முடிவு செய்யும் நிலையை மாற்றுவது அரசுகளின் கடமை.