பதினைந்து நரிகளையும் வீட்டுக்கு அனுப்புங்கள்

"இவன்தான் நானா கள்ளன். மூஞ்சப் பாத்தாலே தெரியுது."

ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஏழு வயதுப் பிள்ளை. அட்டையில் இருந்த நரி கொஞ்சம் ஓரக்கண்ணால் பார்த்தது, அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த நாலு பேரும் "ஓ ஓ, அவன்தான்" என்று கத்தினார்கள். ஒரு துப்பும் இன்னும் எடுக்கவில்லை. கள்ளன் பிடிபட்டாச்சு!

இது நடந்தது கரைத்தீவில். அம்பாறைக் கரைத்தீவு இல்லை, புத்தளத்துக் கரைத்தீவு. வண்ணாத்திவில்லுக்கு அங்கால, களப்பு ஓரம். நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு பெட்டியோடு விடுமுறை நாளொன்றில் போயிருந்தோம். பெட்டியின் பெயர் 'அவுட்ஃபாக்ஸ்ட்'. அமெரிக்காவின் கேம்ரைட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட, ஐந்து வயதிலிருந்து விளையாடக்கூடிய துப்பறியும் விளையாட்டு. ரிவியு எழுதலாம் என்றுதான் போனோம். திரும்பி வரும்போது கோபத்தோடு வந்தோம். கோபம் விளையாட்டின் மேல் இல்லை.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறோம். ஒரு பலகாரம் களவு போய்விட்டது. மூலத்தில் அது ஒரு 'பை'. எங்கள் பிள்ளைகள் அதை உடனே வட்டலாப்பம் ஆக்கிவிட்டார்கள். சந்தேகத்துக்குரிய நரிகள் 16. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி உடுத்தியிருக்கும்: தொப்பி, கண்ணாடி, குடை, கழுத்துத்துணி என்று. கள்ளன் யார் என்ற அட்டை ஒரு சின்னக் கருவிக்குள் யாருக்கும் தெரியாமல் செருகப்பட்டிருக்கும். தாயக்கட்டை உருட்டி, பலகையில் நகர்ந்து, துப்பு வில்லைகளை எடுக்க வேண்டும். தொப்பி வில்லையைக் கருவியில் வைத்து ஜன்னலைத் திறந்தால், பச்சைப் புள்ளி தெரிந்தால் கள்ளன் தொப்பி போட்டவன். தெரியாவிட்டால் தொப்பி போட்ட நரி எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். உருட்டல் பிழைத்தால் கள்ளன் மூன்று கட்டம் தன் பொந்தை நோக்கி ஓடுவான். எல்லாரும் ஒரே அணி. வென்றால் எல்லாரும் வெல்வோம். பிழையான நரியைக் காட்டினால் எல்லாருமே தோற்போம்.

இந்தக் கடைசி விதியைத்தான் கவனிக்க வேண்டும். இதே குடும்பத்தின் பெரியண்ணன் 'குளூடோ'. பர்மிங்ஹாமைச் சேர்ந்த அந்தோனி பிராட் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் யோசித்து, 1949இல் கடைக்கு வந்தது. அதில் பிழையாகக் குற்றம் சாட்டுகிறவர் மட்டும் போட்டியிலிருந்து விழுவார். இங்கே ஒருவர் அவசரப்பட்டால் மேசையே தோற்கும். எங்களுடைய முதல் ஆட்டம் அப்படித்தான் முடிந்தது. மூஞ்சியைப் பார்த்துப் பிடித்த நரி நிரபராதி. வட்டலாப்பம் போச்சு.

இந்த மாதிரி விளையாட்டுக்களை நம்மூரில் எப்படி விற்கிறார்கள் தெரியுமா? 'மூளை வளர்ச்சிக்கு', 'ஞாபக சக்திக்கு', 'புலமைப்பரிசிலுக்கு உதவும்'. அஞ்சாம் ஆண்டுப் பரீட்சை ஒரு பூதம் மாதிரி வீட்டுக்குள் குந்தியிருக்கிற நாட்டில், பிள்ளை சும்மா சிரிப்பதற்குக்கூட ஒரு புள்ளிக் கணக்கு வேண்டியிருக்கிறது. நாங்கள் இதை மறுக்கிறோம். துப்பறியும் விளையாட்டு பிள்ளையைக் கெட்டிக்காரனாக்குமா என்பது எங்கள் கவலையே இல்லை. இது வேறொன்றைப் பழக்குகிறது: துப்பு வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பது. ஆட்டத்தின் முக்கால்வாசி நேரம் கள்ளனைப் பிடிப்பதில் போவதில்லை. கள்ளன் இல்லாத பதினைந்து பேரையும் ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்புவதில்தான் போகிறது. அந்தப் பழக்கம் நம்மிடம் இல்லை. பெரியவர்களிடம் சுத்தமாக இல்லை.

நாம் எல்லாரும் விளையாடி வளர்ந்த ராஜா, ராணி, மந்திரி, பொலிஸ், கள்ளன் துண்டுச் சீட்டை நினைத்துப் பாருங்கள். பொலிஸ் சீட்டு வந்தவர் என்ன செய்வார்? எதிரே இருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பார். "முழிக்கிற முழியே சரியில்ல, நீதான்" என்பார். வேறு துப்பே கிடையாது. நமக்கும் அது விளையாட்டு, சிரித்தோம், நல்லதுதான். ஆனால் சீட்டை மடித்து வைத்த பிறகும் அதே முறையில்தான் வாழ்கிறோம். 'குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்' என்று ஒரு பழமொழி வேறு. குற்றமில்லாத நெஞ்சும் குறுகுறுக்கும் ஐயா! அதிபர் முன்னால் நிறுத்திப் பாருங்கள், எந்தப் பிள்ளைக்குக் குறுகுறுக்காது?

எங்களில் ஒருவர் படித்த வகுப்பில் காசு காணாமல் போனால் ஆசிரியர் முதலில் திறப்பது அகதி முகாம் பிள்ளைகளின் பை. அடுத்தது மீன்வாடிப் பிள்ளைகளின் பை. கடைக்கார முதலாளியின் மகனுடைய பையை ஒருநாளும் திறந்ததில்லை. ஒருமுறை காணாமல் போன காசு அந்த ஆசிரியரின் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. பை திறக்கப்பட்டவள் இப்போது எங்களோடு சேர்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

இனி, கரைத்தீவின் இரண்டாவது ஆட்டம்.

தொப்பி வில்லையை வைத்து ஜன்னலைத் திறந்தான் ஒருவன். பச்சை. கள்ளன் தொப்பி போட்டவன். அந்தப் பிள்ளை ஓதப்பள்ளியிலிருந்து நேரே வந்திருந்தான், தலையில் வெள்ளைத் தொப்பி. ஒரு கணம் தன் தலையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு கேட்டான்: "அப்ப தொப்பி போட்ட எல்லாரும் கள்ளனா?" மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

பதில் விளையாட்டிலேயே இருக்கிறது. தொப்பி போட்ட நரி பல உண்டு. தொப்பி குற்றமில்லை, அது ஒரு துப்பு. அதுவும் கருவி உறுதிப்படுத்திய பிறகுதான். அடுத்த துப்பும் அதற்கடுத்ததும் பொருந்த வேண்டும். இதைப் பிள்ளைகள் மூன்றாவது ஆட்டத்தில் விளங்கிக்கொண்டார்கள். நாடு இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு உடுப்பே குற்றமானது. ஏப்ரல் 29இல் முகம் மூடும் உடைக்குத் தடை வந்தது. மே மாதம் ஹசலக்கவில் ஒரு பெண், அவருடைய உடுப்பில் இருந்த கப்பல் சுக்கானின் படத்தைத் தர்மச்சக்கரம் என்று சொல்லிக் கைதுசெய்யப்பட்டார். அதே மாதம் எங்கள் மாவட்டத்தின் சிலாபத்தில் பேஸ்புக்கில் ஒருவர் எழுதிய ஒரு வரியைப் பிழையாக வாசித்ததில் பிடித்த தீ பல ஊர்களுக்குப் பரவியது. கொட்டாரமுல்லையில் ஒரு தச்சுத் தொழிலாளி வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் எந்த ஆட்டத்தில் எந்த நரி?

உண்மையான துப்பு அதற்கு முன்பே இருந்தது, அதுவும் எங்கே? இதே வண்ணாத்திவில்லுப் பிரதேசத்தில். 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அந்த விசாரணையின் வழியே போய், 2019 ஜனவரியில் வண்ணாத்திவில்லு தென்னந்தோட்டம் ஒன்றில் ஏறக்குறைய 100 கிலோ வெடிபொருளைக் கண்டுபிடித்தார்கள். ஏப்ரல் 4இல் இந்தியாவிலிருந்து எச்சரிக்கையும் வந்தது. எத்தனை பச்சைப் புள்ளி! மேசையில் இருந்த பெரியவர்கள் பார்க்கவில்லை. கள்ளன் மூன்று மூன்று கட்டமாகப் பொந்துக்குப் போனான். 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த எச்சரிக்கைகளை வைத்துக்கொண்டு தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12இல் சொன்னது. துப்பு இருந்தபோது தூங்கியவர்கள், எல்லாம் முடிந்த பிறகு முகங்களைப் பார்த்துப் பிடிக்கத் தொடங்கினார்கள்.

அந்தப் பிடிப்பு கரைத்தீவுக்கும் வந்தது, பிள்ளைகளிடமே வந்தது. 2020 ஏப்ரல் 14இல் சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். கைதான நேரம் சொல்லப்பட்டது குண்டுவெடிப்புத் தொடர்பு. 2021இல் குற்றப்பத்திரம் வந்தபோது அதில் இருந்ததோ, கரைத்தீவு மத்ரஸாப் பிள்ளைகளிடம் பேசியதாகச் சொல்லப்பட்ட பேச்சு. இடையில் அந்தப் பிள்ளைகள் சிலரின் சார்பில் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுக்கள் போயின. வற்புறுத்தி வாக்குமூலத்தில் ஒப்பம் வாங்கினார்கள் என்பது மனுக்களின் முறைப்பாடு. 2022 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணை கொடுக்கும்வரை, ஏறக்குறைய 22 மாதம் அவர் உள்ளேயே இருந்தார்.

அந்த வழக்குக்கு நாங்கள் தீர்ப்பு எழுத வரவில்லை. அப்படி எழுதினால் ஓரக்கண் நரியைப் பிடித்த பிள்ளைக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? நாங்கள் பேசுவது ஆட்டத்தின் விதியைப் பற்றி. சாதாரணச் சட்டத்தில் பொலிஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின் கீழ், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரி முன் கொடுத்தால் செல்லும். அது வற்புறுத்தி வாங்கியது என்று நிரூபிக்கிற சுமையும் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில்தான். யோசித்துப் பாருங்கள்: கருவியும் வேண்டாம், வில்லையும் வேண்டாம், நரியைப் பிடித்து "நீதானே?" என்று கேட்டால் போதும் என்கிற விளையாட்டு இது. ஐந்து வயதுப் பிள்ளைகூட "இது அலாப்பி ஆட்டம்" என்று எழும்பிப் போய்விடும். 'தற்காலிக ஏற்பாடு' என்று பெயர் வைத்த இந்தச் சட்டத்தோடு நாலு தசாப்தம் தாண்டி வாழ்ந்துகொண்டிருக்கிறோம். இதில் உள்ளே போன தமிழ்ப் பிள்ளைகளின் கதை வடக்குக் கிழக்கில் வீட்டுக்கு வீடு உண்டு.

தமிழில் வாசிக்கிற நாம் இங்கே ஒன்றை விழுங்கிவிடக் கூடாது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரையும் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 75,000 பேர். யாரோ சிலர் மேல் சந்தேகம் என்று ஒரு சமூகம் முழுவதையும் கள்ளன் ஆக்கினார்கள். அவர்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது இதே புத்தளத்தில். மேலே சொன்ன வகுப்பில் முதலில் திறக்கப்பட்ட பைகள் அவர்களுடைய பிள்ளைகளின் பைகள். அரசு செய்தால் அநியாயம், நம்மவர் செய்தால் 'அந்தக் காலச் சூழ்நிலை' என்று சொல்பவர்கள் இந்த மேசையில் உட்கார வேண்டாம்.

சிலர் சொல்வார்கள்: "சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுக்குள் இவ்வளவு அரசியலா? விடுங்கப்பா." விளையாட்டுக்குள் நாங்கள் கொண்டுபோகவில்லை. தொப்பியைத் தொட்டுக் கேட்ட பிள்ளை கொண்டுவந்தான். இன்னும் சிலர், "பிள்ளைகளைப் பொலிஸ் ஆக்கப் பார்க்கிறீர்களா?" என்பார்கள். நியாயமான பயம். ஆனால் பொலிஸ் வேலை ஏற்கனவே எல்லார் கையிலும் இருக்கிறது, ஃபோனில். டிக்டொக்கில் ஒரு படம் போட்டு 'இவர்தான் பிள்ளை கடத்துகிறவர், ஷேர் பண்ணுங்க' என்று வந்தால் நம்மில் எத்தனை பேர் துப்புக் கேட்டோம்?

மூன்றாவது முறைப்பாடு விலை. அதுவும் நியாயம்தான். அதனால் நாங்களே ஒன்று செய்தோம். பிஸ்கட் பெட்டி அட்டையில் 16 சீட்டு. நரிக்குப் பதிலாகப் புத்தளத்துக் கழுதைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பொருள். மனிதர்களை வரையவில்லை, வேண்டுமென்றேதான். எந்த ஊரின் எந்த முகமும் சந்தேக அட்டையில் வரக்கூடாது. கருவிக்குப் பதில் ஒருவர் நடுவர். கள்ளக் கழுதை எது என்று அவருக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு துப்புக்கும் 'ஓம்', 'இல்லை' மட்டும் சொல்வார். ஒரு விதியை நாங்களாகச் சேர்த்தோம்: ஒரு கழுதையை விடுவிக்கும்போது அதன் சீட்டைக் கையில் எடுத்து, "நீ இல்ல, வீட்டுக்குப் போ" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு ஆட்டத்திலேயே பிடித்த இடம் அதுதான். பதினைந்து தடவையும் கத்தினார்கள்.

செலவு ஒன்றுமில்லை. கத்தரிக்கோலும் கலர்ப் பென்சிலும் இருந்தால் ஒரு பின்னேரம் போதும். உங்கள் ஊர் வாசிகசாலையில், பாலர் பாடசாலையில், மத்ரஸாவில், அறநெறி வகுப்பில், ஞாயிறு மறைக்கல்வியில் செய்து விளையாடுங்கள். ஆசிரியர்கள் அவசியம் விளையாட வேண்டும், பை திறக்கிறவர்கள் முன்வரிசையில்.

நாலாவது ஆட்டத்தில் அந்த ஏழு வயதுப் பிள்ளை மறுபடி ஓரக்கண் நரியைப் பார்த்தான். கை நீண்டது. பிறகு தானே இழுத்துக்கொண்டான். "பொறுங்க நானா," என்றான், "இன்னும் ரெண்டு துப்பு எடுப்பம்."

அந்த ஆட்டத்தில் வட்டலாப்பம் கிடைத்தது.