பூங்காவுக்குள் துவக்கு எதற்கு?



போன மாதம் ஒரு சனிக்கிழமை, காலை ஏழரை மணி இருக்கும், ரெலிபோன் அடித்தது. பென்டில் ஹில் பக்கம் இருக்கும் ஒரு தங்கச்சி. குடும்பமாக இந்த நாட்டுக்கு வந்து இன்னும் மூன்று வருடம் ஆகவில்லை.

"அக்கா, பிள்ளையள் கேட்டதெண்டு காட்டுக்குள்ள கூடாரம் அடிச்சு இரவு நிண்டனாங்கள். விடியப்புறம் வெடிச்சத்தம் கேட்டுது. நான் ரெண்டு பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில குப்புறப் படுத்திட்டன். இவர் எழும்பெழும்பு எண்டுறார். எனக்கு இன்னும் கை நடுங்குது."

2009 இல் முள்ளிவாய்க்காலில் இருந்து உயிரோடு வெளியே வந்தவர் அவர். வெடிச்சத்தம் கேட்டால் நிலத்தோடு படுக்க வேண்டும் என்பதை உடம்பு மறக்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளை அன்று முழுவதும் "அம்மா ஏன் அழுதவா" என்று கேட்டுக்கொண்டே இருந்ததாம்.

விசாரித்துப் பார்த்தால் அவர்கள் போனது தேசியப் பூங்காவுக்கு அல்ல. மரம் வெட்டி விற்பதற்கென்று அரசாங்கம் வைத்திருக்கும் காட்டுக்கு, அதாவது ஸ்டேட் ஃபொரஸ்ட் என்று சொல்கிறார்களே, அதற்கு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இப்படியான காடுகள் பலவற்றில் அனுமதிப் பத்திரம் வைத்திருப்பவர்கள் சட்டப்படி வேட்டையாடலாம். வாசலில் அறிவித்தல் பலகை இருக்கும். புதிதாக வந்தவர்கள் அதை வாசித்து விளங்கிக்கொள்வார்கள் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகந்தான். எங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒரே காடு. ஆகவே கூடாரத்தோடு புறப்படும் முன்னர் போகும் இடம் எந்த வகை என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

தேசியப் பூங்காவில் பொழுதுபோக்குக்காக வேட்டையாட வருபவர் துவக்கோடு தன் எண்ணத்துக்குச் சுற்ற முடியாது. சிட்னிக்குத் தெற்கே இருக்கும் றோயல் தேசியப் பூங்கா 1879 இல் உருவானது. அமெரிக்காவின் யெலோஸ்டோனுக்கு அடுத்ததாக, உலகத்திலேயே இரண்டாவது பழைய தேசியப் பூங்கா என்று அதைச் சொல்வார்கள். நகரத்து மக்கள் நல்ல காற்று வாங்கவென்று ஒதுக்கிய நிலம் அது.

ஆனால் இந்த நிலைமை தானாக நிலைத்து நிற்கவில்லை. பழைய கதை ஒன்றைப் புதியவர்கள் அறிந்திருப்பது நல்லது.

2012 மே மாத முடிவில், அப்போது மாநில முதல்வராக இருந்த பரி ஓ'ஃபரல், 79 தேசியப் பூங்காக்களிலும் காப்பகங்களிலும் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடம் கொடுக்கப் போவதாக அறிவித்தார். மாநிலக் காப்பிடங்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அது. அப்படி ஒரு எண்ணம் இல்லை என்று முன்னர் சொல்லியிருந்தவரும் அவர்தான். இடையில் நடந்தது என்ன? மின்சார உற்பத்தி நிலையங்களை விற்பதற்கு மேல்சபையில் அவருக்கு வாக்குப் போதவில்லை. துவக்குக்காரரின் கட்சிக்கு அங்கே இரண்டு ஆசனங்கள் இருந்தன. அவர்கள் கேட்ட விலை பூங்கா. கடைத்தெருப் பேரம் போல முடிந்துவிட்டது.

சிட்னியைச் சுற்றியுள்ள பூங்காக்கள் இதில் சேராது என்றார்கள். அதனால் நகரத்தில் இருந்த எம்மவர் பலர் கணக்கெடுக்கவில்லை. நானும் அப்போது பெரிதாகக் கணக்கெடுக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

பூங்கா ஊழியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 1957 இலிருந்து இயங்கும் தேசியப் பூங்காச் சங்கமும் மற்றச் சூழல் அமைப்புகளும் எதிர்த்தன. பார்க்க வருபவர்களுக்கும் ஊழியர்களுக்கும் துவக்குச் சூட்டால் சாவோ பாரதூரமான காயமோ ஏற்படக்கூடிய ஆபத்து உயர்ந்தது என்று அரசாங்கத்தின் சொந்தத் திணைக்களம் தயாரித்த ஆவணமே சொன்னது வெளியே கசிந்தது. அது வீண் பயமல்ல. 2010 இல் நியூசிலாந்தில், முகாமில் நின்ற ஒருவரின் தலைவிளக்கை மானின் கண்ணென்று எண்ணி ஒரு வேட்டைக்காரர் சுட, அந்த உயிர் அங்கேயே போனது.

தொடங்கும் திகதி பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது. 2013 ஜூலையில் ஸ்டீவ் டன் என்பவரின் மீளாய்வு அறிக்கை வந்தது. வேட்டைக்காரருக்காகப் பேசுவதும் அவர்களைக் கண்காணிப்பதும் ஒரே சபையின் வேலையாக இருக்கிறது, இது பொருந்தாது என்றது அறிக்கை. அந்த வேட்டைச் சபை கலைக்கப்பட்டது. வேட்டைக்காரர் தங்கள் பாட்டில் பூங்காவுக்குள் இறங்கும் திட்டமும் அதோடு போனது. பதிலுக்கு, பயிற்சி பெற்ற தொண்டர்கள் பூங்கா அதிகாரிகளின் நேரடி மேற்பார்வையில் பீடை மிருகங்களைச் சுடும் பரீட்சார்த்தம் 12 பூங்காக்களில் மட்டும் மூன்று வருடத்துக்கு என்று முடிவானது.

இதை நான் எங்கள் சனசமூக நிலையத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது, வவுனிக்குளம் பக்கத்து மாஸ்ரர் ஒருவர் குறுக்கிட்டார்.

"பிள்ளை, வன்னியில நாங்கள் பன்றி சுடேல்லையோ? இடியன் துவக்கு இல்லாத வீடு எத்தினை? மரை வத்தல் சாப்பிடாத ஆள் நீர்?"

கேள்வி நியாயமானது. சாப்பிட்டிருக்கிறேன், மறைக்கவில்லை. பன்றி ஒரு இரவில் வயலை உழுதுவிட்டுப் போனால் அந்தப் போகம் முழுவதும் பட்டினி. அதற்காகச் சுடுவது வேறு. இந்த நாட்டின் ஆதிக்குடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக உணவுக்கு வேட்டையாடி வந்ததும் வேறு. சம்பளம் வாங்கும் ஒருவர் வெள்ளிக்கிழமை பின்னேரம் நகரத்தில் இருந்து வாகனமெடுத்து வந்து, பிள்ளைகள் நடக்கும் பாதைக்குப் பக்கத்தில் நின்று கொம்புக்காகச் சுடுவது இந்த இரண்டிலும் சேராது.

மாஸ்ரர் விடவில்லை. "இஞ்சையும் பன்றியும் நரியும் காட்டை அழிக்குதாமே? சுட்டால் நன்மைதானே?"

இதுதான் வேட்டைக்காரரின் பலமான வாதம், ஆனபடியால் கொஞ்சம் நின்று பார்ப்போம். பன்றி, நரி, ஆடு, மான், முயல் எல்லாம் இங்கே வந்தேறு மிருகங்கள். சேதம் உண்மை. ஆனால் இவற்றில் சிலதை யார் கொண்டுவந்தது? 1859 இல் விக்டோரியாவில் தோமஸ் ஒஸ்ரின் என்ற பணக்காரர் தன் தோட்டத்தில் சுட்டு விளையாட இங்கிலாந்தில் இருந்து காட்டு முயல்களை இறக்கினார். இரண்டு டசின் அளவு முயல்கள்தான், கண்டம் முழுவதும் பரவிவிட்டன. நரியும் வேட்டைக்காக வந்ததுதான். 1860களில் விக்டோரியாவில் விட்ட மரைகளில் எங்கள் இலங்கை மரையும் இருந்தது! றோயல் பூங்காவுக்குள்ளேயே 1906 இல் யாவா மான்களை விட்டார்கள், இன்றும் அவை அங்கே மேய்கின்றன.

அடுத்தது கணக்கு. ஒரு வருடத்தில் நூறு நரிக்கு அறுபத்தைந்து வரை கொன்றால்தான் தொகை பெருகாமல் நிற்கும் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. முயலுக்கு அது எண்பத்தேழு. குறைவாகக் கொன்றால் மிஞ்சியவைக்குத் தீனி தாராளம், குட்டிகள் கூடத் தப்பும், அடுத்த வருடம் பழைய எண்ணிக்கை. வார இறுதியில் வருபவர் இரண்டு மூன்று சுடுவார். அதிலும் கொம்புள்ள கலைமானைத்தான் தேடுவார், குட்டி ஈனும் பிணைமான் தப்பிவிடும். உண்மையாகக் குறைப்பது என்றால் மாதக்கணக்கில் ஒரே பகுதியில் பொறி, நச்சு உணவு, வேலி, ஹெலிகொப்டர் என்று எல்லாம் சேர்ந்து நடக்க வேண்டும். பூங்காச் சேவை அதைச் செய்கிறது, சுடும் நாட்களில் பூங்காவைப் பூட்டிவிட்டுச் செய்கிறது. 2023 இல் கொஸ்சியஸ்கோ பூங்காவில் காட்டுக் குதிரைகளை வானிலிருந்து சுட அனுமதித்ததும் அந்த வகை. பார்க்கக் கவலைதான், ஆனால் அது ஒருவருடைய விளையாட்டு அல்ல. மாஸ்ரர் தலையாட்டினார், சம்மதமா என்று தெரியவில்லை.

விஷயம் 2013 உடன் அடங்கிவிடவில்லை. 2025 இலும் அதே கட்சி, வேட்டையாடுவதை ஓர் உரிமையாக ஏற்று அரச காணிகளில் அதற்கு இடம் கேட்கும் மசோதாவை மேல்சபையில் வைத்தது. மேல்சபையில் ஒன்றிரண்டு ஆசனம் பெறுமதியாக இருக்கும்வரை இது திரும்பத் திரும்ப வரும்.

"நாங்கள் விசாவில இருக்கிற ஆக்கள், இதுக்குள்ள தலை வைக்கலாமோ" என்று அந்தத் தங்கச்சி கேட்டார். உங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுத வாக்குரிமை வேண்டியதில்லை, அந்தத் தொகுதியில் வசித்தால் போதும். பெரிய ஆங்கிலமும் வேண்டாம். நான் எந்த இடத்தில் வசிக்கிறேன், பிள்ளைகளோடு பூங்காவுக்குப் போகிறேன், அங்கே துவக்கு வேண்டாம் என்று மூன்று வரி. அவர் தன் கையாலேயே எழுதினார். மகள் எழுத்துப்பிழை திருத்தினாள். "வெடிச்சத்தம்" என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன போடுவது என்று தாயும் மகளும் அரை மணித்தியாலம் வாதாடினார்களாம்.

பள்ளி விடுமுறையில் றோயல் பூங்காவுக்குப் போக இருக்கிறோம், அந்தக் குடும்பமும் வருகிறது. புட்டும் சம்பலும் என் பொறுப்பு.