“என்னடா, சாப்பிட்டியா?”

ரப்பர்க் காட்டில் பால் நிறுக்குமிடமானாலும், கேமரன் மலையில் கொழுந்து நிறுக்குமிடமானாலும் கிராணியார் கேட்பது இதுதான். குசலம்தானே என்பர். அதே குசலத்தை ஆள் திருப்பிக் கேட்க முடியுமா? “சாப்பிட்டேனுங்க” என்று கைகட்டி நின்றவன், தராசு முள்ளைப் பற்றி எப்படி வாய் திறப்பான்?

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இதையும் கேட்டார்கள்: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டிறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பட்டாளம் வந்தது, உயிர்கள் போயின, தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

சைக்கிள் வழக்கம் போயிற்று. “டா” போகவில்லை. இன்று மலையில் கொழுந்தெடுப்போரில் பலர் வங்காளதேசத்தார், நேபாளத்தார். அவர்களை “டேய்” என்பவர்களில் நம் லயத்துப் பிள்ளைகளும் உண்டு! அடுத்த கிளைக் கூட்டத்தில், கிராணித் தோழர்களையும் வைத்துக்கொண்டே, இதைப் பேசியாக வேண்டும் என்கிறோம்.