சப்பாத்தைப் பறித்தால் டாக்டராகிவிடுவார்களா?

மட்டக்களப்பில் ஒரு பிள்ளை உயர்தரத்தில் பயோ எடுத்துவிட்டால், வீட்டில் முதலில் பறிபோவது அதன் விளையாட்டுச் சப்பாத்து. "டாக்டராக வேணுமெண்டா விளையாட்டை விடு" என்று அப்பா சொல்வார், மாமா சொல்வார், பக்கத்து வீட்டு ஆசிரியரும் சொல்வார். இதைவிட ஆதாரமில்லாத நம்பிக்கை இந்த வாவிக்கரையில் வேறில்லை.

மிச்சம் பிடித்த நேரம் எங்கே போகிறது? பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது. சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினால் தகரக் கூரைக்குக் கீழே நெருக்கியடித்த வாங்கில் பௌதிகவியல், பிறகு இரசாயனவியல். தியரிக்கு ஒரு காசு, ரிவிஷனுக்கு ஒரு காசு, பேப்பர் கிளாசுக்கு இன்னொன்று. கன்னங்கரா பெற்றுத்தந்த இலவசக் கல்வி உள்ள நாட்டில் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போகிறது. பிள்ளையின் நாளில் காசு கேட்காத ஒரு மணி நேரம் மைதானத்தில் கழிவதுதான். அதைத்தான் வெட்டுகிறோம்.

"விளையாட்டுக்கு இசட் புள்ளி தருவார்களா?" என்பார்கள். தரமாட்டார்கள்தான். ஆனால் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு. நம் பிள்ளை பெரும்பாலும் போட்டி போடுவது இதே மாவட்டத்துப் பிள்ளைகளோடு. எல்லோரும் பந்தை விட்டுவிட்டு அதே வாங்கில் குந்தியிருந்தால் மருத்துவபீடத்தில் ஓர் இடமாவது கூடுமா? மூன்றாம் தடவையும் எழுதிவிட்டு, இடமும் இல்லாமல் உடம்பும் இல்லாமல் நிற்பவர்களை இந்த ஊர் அறியும்.

இந்த ஊருக்கு விளையாட்டும் படிப்பும் பகையாக இருந்ததில்லை. வெபர் மைதானம் ஓர் இயேசு சபைத் துறவியின் பெயரில்தான் நிற்கிறது. 1990 ஆகஸ்ட் 15இல் காணாமற்போன ஹேபியர் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். வெளியே பார்த்தால், 1954 மே 6இல் ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் முதன்முதலில் ஓடிய ரொஜர் பனிஸ்டர் அப்போது மருத்துவ மாணவர். பின்னர் நரம்பியல் நிபுணரானார்.

பதினேழு வயது வரை தினமும் சராசரி ஒரு மணி நேரமாவது உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளை நீரிழிவுக்காரரைப் பார்த்து "நடவுங்கள்" என்று சொல்லப்போகிறவரை இன்று இருத்திவைக்கிறோம்.

ரியூசன் நடத்துபவர்களே, மாலை நாலரை முதல் ஆறு வரை வகுப்பு வைக்காதீர்கள். பெற்றாரே, அந்த நேரத்தில் வகுப்பு வைத்தால் காசு கட்டாதீர்கள்.