மருந்துச் சீட்டும் நலன் முரணும்

“இந்த மருந்தை எழுதித் தருவதால் மருத்துவருக்கு ஏதேனும் கிடைக்கிறதா?” என்ற ஐயம், புறநோயாளிப் பிரிவில் காத்திருக்கும் பலருடைய உள்ளத்திலும் எழுகிறது. மரியாதை கருதிப் பெரும்பாலோர் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை. அது கேட்கத் தகாத கேள்வி அன்று. மருத்துவர்களாகிய நாங்களே முன்வந்து விடையளிக்க வேண்டிய கேள்வி.

நோயாளியின் நலனை மட்டுமே கருதி முடிவெடுக்க வேண்டிய ஒருவருக்கு, அம்முடிவால் வேறோர் ஆதாயமும் கிடைக்கக்கூடிய நிலையை ‘நலன் முரண்’ என்கிறோம். அந்நிலையில் இருப்பதனாலேயே ஒருவர் தவறு செய்துவிட்டார் என்று பொருளில்லை. ஓர் ஆட்டத்தில் நடுவரின் மகனே ஆட்டக்காரனாக இறங்கினால், நடுவர் நேர்மையானவரா என்று நாம் ஆராய்ந்துகொண்டிருப்பதில்லை. வேறு நடுவரை அமர்த்துகிறோம். மருத்துவத்திலும் அதுவே முறையாக இருக்க வேண்டும்.

இப்பழக்கத்தின் வேர் மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது. பாடநூலில் மருந்தின் மூலப்பெயரைப் படிக்கும் மாணவர், வார்டில் வணிகப் பெயரைக் கேட்டுப் பழகுகிறார். துறைக் கூட்டத்தின் மதிய உணவு ஒரு நிறுவனத்தின் செலவில் வருகிறது. கருத்தரங்க மேடையின் பின்திரையில் இன்னொரு நிறுவனத்தின் பெயர் மின்னுகிறது. இவை இயல்பானவை என்று எவரும் அவருக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆசிரியர்களைப் பார்த்தே அவர் கற்றுக்கொள்கிறார்.

‘ஒருவேளைச் சாப்பாட்டுக்கா என் அறிவை விற்றுவிடுவேன்?’ என்று மருத்துவர் கேட்பது நியாயமாகவே தோன்றும். அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டின் சட்டப்படி, நிறுவனங்கள் மருத்துவர்களுக்கு அளிப்பவை 2014 முதல் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படுகின்றன. அந்தத் தரவைக் கொண்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வு, பெரும்பாலும் 20 டாலருக்கும் குறைவான ஒரே ஒரு விருந்தைப் பெற்ற மருத்துவர்கள்கூட, அந்த நிறுவனத்தின் மருந்தை மற்றவர்களைவிட மிகுதியாக எழுதியதைக் கண்டது. விருந்துகள் கூடக்கூட, எழுதுவதும் கூடியது. விருந்தே காரணம் என்று இதனால் உறுதிசெய்துவிட முடியாது. ஆனால் தம் மனச்சாய்வைத் தாமே அறிந்துகொள்வது எளிதன்று என்பதை மறுக்கவும் முடியாது.

நம் நாட்டில் விதிகள் இல்லாமலில்லை. மருந்து நிறுவனங்களிடமிருந்து மருத்துவர்கள் பரிசு, பயணச்செலவு, விருந்தோம்பல், பணம் ஆகியவற்றைப் பெறுவதை இந்திய மருத்துவக் கவுன்சில் 2009 டிசம்பரில் தடைசெய்தது. அத்தகைய பரிசுகளை வணிகச் செலவாகக் காட்டி வரிவிலக்குக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பரிசின் செலவு மருந்தின் விலையில் ஏறி, இறுதியில் நோயாளியின் தலையிலேயே விழுகிறது என்பதையும் அது சுட்டிக்காட்டியது. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசின் மருந்துத் துறை வெளியிட்ட நடத்தை நெறிமுறை, பரிசுகளைத் தடுப்பதோடு இலவச மாதிரி மருந்துகளுக்கும் வரம்பு கட்டியது. நிறுவனங்கள் மருத்துவர்களுக்கான கல்வி நிகழ்ச்சிகளை வெளிநாட்டில் நடத்துவதையும் தடுத்தது.

குறை, செயலாக்கத்தில் இருக்கிறது. 2024 நெறிமுறையின் மீதான புகார்களை முதலில் விசாரிப்பது நிறுவனங்களின் சங்கங்களே அமைத்த குழுக்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த கடுமையான விதிகளோ, அம்மாதமே நிறுத்திவைக்கப்பட்டன. தம் மருத்துவர் எந்த நிறுவனத்திடம் என்ன பெற்றார் என்று நோயாளி தேடிப் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடும் இங்கில்லை.

‘நிறுவனங்களோடு உறவே வேண்டாம்’ என்று நான் சொல்லவில்லை. புதிய செயற்கை மூட்டையோ இதயக் கருவியையோ பொருத்தும் நுட்பத்தை அதை உருவாக்கியவர்களிடம்தான் கற்றாக வேண்டும். புதிய மருந்துகளை ஆராய்வதற்கும் அவர்களுடைய பணம் தேவைப்படுகிறது. ‘அவர்கள் உதவாவிட்டால் இளம் மருத்துவர்களின் பயிற்சிக்கு யார் செலவிடுவார்?’ என்ற கேள்வியிலும் பொருளுண்டு. ஆயினும், கற்றுக்கொள்வது வேறு. எதை வாங்குவது என்று முடிவெடுப்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு சுவர் வேண்டும்.

அத்தகைய சுவரைத் தமிழ்நாடு முன்னரே கட்டிக் காட்டியிருக்கிறது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மூலப்பெயரில் ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்குகிறது. வந்த மருந்துகளின் மாதிரிகள் தயாரிப்பாளரின் பெயர் மறைக்கப்பட்டு ஆய்வகங்களுக்குச் செல்கின்றன. மருந்தை எழுதும் மருத்துவருக்கு எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற வேலையே இல்லை. அங்கே நேர்மை தனிமனிதரின் மனவுறுதியை மட்டும் நம்பியிருக்கவில்லை. முறையே அதைக் காக்கிறது.

அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் நான்கு செயல்களை மேற்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஒரு நிறுவனத்திடம் ஊதியமோ ஆய்வுநிதியோ பெறுபவர், அந்நிறுவனத்தின் பொருளைப் பற்றி முடிவெடுக்கும் கொள்முதல் குழுவிலிருந்து விலகி நிற்க வேண்டும். கல்விக்காக வரும் நன்கொடை தனி மருத்துவருக்கோ துறைக்கோ செல்லாமல், கல்லூரியின் பொது நிதியில் சேர வேண்டும். விற்பனைப் பிரதிநிதிகள் வார்டிலும் புறநோயாளிப் பிரிவிலும் நடமாடாமல், குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் மட்டும் சந்திக்க வேண்டும். நலன் முரண் என்றால் என்ன என்பதை மாணவர்களுக்குப் பாடமாகவே கற்பிக்க வேண்டும்.

‘வெளிப்படையாக அறிவித்துவிட்டாலே போதாதா?’ என்பர் சிலர். போதாது. ‘எனக்கு இந்நிறுவனத்துடன் தொடர்புண்டு’ என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அதை எடைபோடும் சுமை நோயாளியின் மேல் ஏறுகிறது. காய்ச்சலோடும் கவலையோடும் வந்திருப்பவர் அதை எப்படி எடைபோடுவார்? அறிவிப்பு தொடக்கம் மட்டுமே. விலகி நிற்பதே தீர்வு.

இவை நிறைவேறும்வரை நீங்கள் செய்யக்கூடியவையும் உண்டு. மருந்தின் மூலப்பெயர் என்ன, அதே மருந்து குறைந்த விலையில் கிடைக்குமா என்று தயங்காமல் கேளுங்கள். மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கலாமா என்றும் கேளுங்கள். இதய ஸ்டென்டுகளுக்கு 2017 பிப்ரவரி முதல் அரசு உச்சவரம்பு விலை விதித்திருக்கிறது. ஸ்டென்டின் பெயர், தயாரிப்பாளர், விலை ஆகியவை ரசீதில் தனியாகக் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். மருந்து ஆய்வில் சேர அழைக்கப்பட்டால், அதற்கு நிதி அளிப்பவர் யார் என்று கேளுங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் அதை அறிவது உங்கள் உரிமை.

ஒரு வேண்டுகோள்: இக்கட்டுரையைப் படித்துவிட்டு, நடந்துகொண்டிருக்கும் மருந்தை நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். வலிப்பு நோய் மருந்து, ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து போன்றவற்றில் வணிகப் பெயரை மாற்றுவதையும் மருத்துவரிடம் பேசிய பிறகே செய்ய வேண்டும். ஐயம் எழுந்தால் அடுத்த முறை வரும்போது கேளுங்கள். நல்ல மருத்துவர் அக்கேள்வியைக் கேட்டுச் சினம் கொள்ளமாட்டார், விடை சொல்வார்.