பென்டிரைவுக்குள் ஒரு கம்ப்யூட்டர்: தொலைந்துபோனால் என்ன ஆகும்?

சென்னை சென்ட்ரலில் இரவு ரயில் ஏறினால் காலையில் போடிநாயக்கனூர். ஊருக்கு வரும்போது லேப்டாப்பைத் தூக்கி வர மனமில்லையா? ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றிக்கொண்டால் போதும். வீட்டில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் சொருகி, சொந்த வேலையைப் பார்க்கலாம். இதுதான் பூட்டபிள் யு.எஸ்.பி. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்துவிட்டதால், பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது கைகொடுக்கும் வழி.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பென்டிரைவிலேயே ஆதார் நகல், அப்பாவின் பட்டா, சம்பள ஸ்லிப், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் சேர்ந்துவிடும். தேனியில் இருந்து கம்பம் போகும் பஸ்ஸில் அது பையில் இருந்து நழுவினால்?

லாகின் பாஸ்வேர்டு இருக்கே?

அது பூட்டு இல்லை. அந்த லினக்ஸ் இயங்கும்போது மட்டுமே அது கேள்வி கேட்கும். பென்டிரைவை வேறொரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் சொருகினால், பாஸ்வேர்டே கேட்காமல் ஃபைல்களைத் திறந்துவிடலாம். விண்டோஸில் சொருகினால் ஒன்றும் தெரியவில்லையே என்று நிம்மதி அடைவதும் தப்பு. அந்த வடிவத்தை விண்டோஸ் நேரடியாகப் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

தொலைந்தது இரண்டு, முடிவும் இரண்டு

2017-ல் லண்டன் தெரு ஒன்றில் கிடந்த பென்டிரைவில் ஹீத்ரோ விமான நிலையத்தின் ரகசிய ஃபைல்கள் இருந்தன. பூட்டு எதுவும் இல்லை. எடுத்தவரால் படிக்க முடிந்தது. நிறுவனத்துக்கு 1.2 லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது.

2022-ல் ஜப்பானின் அமாகசாகி நகரில், மது குடித்துவிட்டு வழியில் தூங்கிப்போன ஒப்பந்த ஊழியர் பையைத் தொலைத்தார். உள்ளே சுமார் 4.6 லட்சம் மக்களின் விவரங்கள். ஆனால் அவை என்கிரிப்ஷன் செய்யப்பட்டிருந்தன. சில நாட்களில் பை கிடைத்தது. தகவல் கசிந்ததாகத் தெரியவில்லை. இரண்டு சம்பவத்திலும் தவறு மனிதனுடையது. வித்தியாசம், பூட்டு இருந்ததா இல்லையா என்பதே.

எப்படிப் பூட்டுவது?

என்கிரிப்ஷன், அதாவது குறியாக்கம், ஃபைலைச் சாவி இல்லாமல் படிக்க முடியாத எழுத்துக் குவியலாக மாற்றிவிடும். இதற்கு மூன்று வழிகள்:

• டெயில்ஸ்: 8 ஜிபி பென்டிரைவ் போதும். ஃபைல்களைச் சேமிக்கும் பகுதியை உருவாக்கும்போதே குறியாக்கம் ஆகிவிடும். இணையம் டார் வழியாகப் போவதால் சில வங்கித் தளங்கள் முரண்டு பிடிக்கலாம்.

• முழு லினக்ஸ்: பென்டிரைவிலேயே நிறுவும்போது குறியாக்கத் தேர்வை டிக் செய்யுங்கள். எந்த டிஸ்க் என்பதை இரண்டு முறை பாருங்கள். மாறிப்போனால் வீட்டு கம்ப்யூட்டரில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும்.

• வெராகிரிப்ட்: முக்கியமான ஃபைல்களை மட்டும் ஒரு பெட்டிக்குள் பூட்ட இந்த இலவச மென்பொருள் போதும்.

மறக்கக் கூடாதவை

• முதல் நாளே பூட்டுங்கள். பென்டிரைவில் டெலிட் செய்த ஃபைல் உடனே அழிந்துவிடாது, மீட்டெடுக்க முடியும்.

• பிறந்த தேதி, ஊர் பெயர் வேண்டாம். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களை வையுங்கள். மறந்தால் மீட்க ஓ.டி.பி. வராது.

• பூட்டிய இன்னொரு பென்டிரைவில் நகல் இருக்கட்டும்.

• நம்பிக்கை இல்லாத கம்ப்யூட்டரில் திறக்காதீர்கள். விசைப்பலகையை ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தால் பாஸ்வேர்டே போய்விடும். ஜெராக்ஸ் கடைக்கு, பிரின்ட் எடுக்க வேண்டிய ஃபைல் மட்டும் உள்ள தனிப் பென்டிரைவ் போதும்.

வீட்டு உபயோகத்துக்கு வைத்திருக்கும் தகவலுக்கு 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. ஆனால் தொழிலாளர்களின் ஆதார் நகலைப் பென்டிரைவில் வைத்திருக்கும் ஏலக்காய் வியாபாரிக்குப் பொருந்தும். பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அந்தச் சட்டத்தில் இடமுண்டு.

பூட்டிய பென்டிரைவ் தொலைந்தால் நஷ்டம் சில நூறு ரூபாய். பூட்டாதது தொலைந்தால், கணக்கு அங்கே நிற்காது.